ஐரிஸ் சென்ட்டில் வரும் பவுடர் வாசனை எங்கிருந்து வருகிறது?

அரசலாறு, காரைக்கால்

எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு பிரான்சில் சொந்தம் உண்டு. லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் சென்ட் பாட்டில் இல்லாமல் இருக்காது. பெரும்பாலும் இனிப்பும் பூவுமாக, தெருமுனையிலேயே ஆள் வருவது தெரிகிற ரகம்தான் வரும். இந்தத் தடவை நாத்தனார் எனக்கென்று எடுத்து வந்தது பிராடாவின் ‘இன்ஃப்யூஷன் டி ஐரிஸ்’.

அடித்தவுடன் கமலா ஆரஞ்சு உரித்த வாசனை ஒரு கணம். அது போனதும் வறண்ட, குளிர்ந்த, மாவு போன்ற ஒரு மணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இனிப்பு கிடையாது. பூ என்று சொல்லவும் மனசு வரவில்லை. மாமியார் என் மணிக்கட்டை முகர்ந்துவிட்டு, “பச்சப்புள்ளைக்குப் போடுற பவுடர் மாதிரில்ல இருக்கு” என்றார். எனக்கு அதன் அடியில் கேரட் சீவும்போது வருகிற வாசனை தெரிகிறது. வீட்டுக்காரருக்கு ஆரஞ்சு போன பிறகு ஒன்றுமே தெரியவில்லையாம்.

ஐரிஸ் ஒரு பூ என்கிறார்கள். அதில் பவுடர் எப்படி வந்தது? மண்ணும் கேரட்டும் எங்கிருந்து வந்தன? ஒரே பாட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாக இருப்பது ஏன்? தை மாதம் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பட்டுப்புடவைக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் இது ஒத்துவருமா என்றும் யாராவது சொல்லுங்கள்.

வேர்மணம், மயிலாடுதுறை

சகோதரி, பூவைத் தேடாதீர்கள். ஐரிஸ் சென்ட்டுக்குள் இருப்பது அந்தச் செடியின் கிழங்கு.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள கல்லும் சரிவுமான நிலத்தில் ஐரிஸ் பல்லிடா என்ற இனத்தைப் பயிர் செய்கிறார்கள். மொராக்கோவில் ஐரிஸ் ஜெர்மானிகா. நட்ட கிழங்கு சுமார் மூன்று வருஷம் மண்ணில் இருக்கும். பிறகு தோண்டி, தோல் சீவி, காயவைப்பார்கள். அதுவரை மணம் என்று எதுவும் கிடையாது, பச்சைக் கிழங்கில் மண்வாடைதான் வரும். காய்ந்த கிழங்கை மூட்டை கட்டி இன்னும் மூன்று வருஷம், சில இடங்களில் ஐந்து வருஷம்வரை கிடத்தி வைப்பார்கள். அந்தக் கிடப்பில்தான் கிழங்குக்குள் இருக்கும் ஐரிடால் என்ற பொருட்கள் காற்றுப்பட்டு மெல்ல உடைந்து ஐரோனாக மாறுகின்றன. நாம் ஐரிஸ் என்று முகர்வது இந்த ஐரோனைத்தான். நம் பக்கத்து மஞ்சள் தோண்டி, வேகவைத்து, காயவைத்ததும் அந்தப் பருவத்திலேயே சந்தைக்குப் போய்விடும். ஐரிஸ் விவசாயிக்கு நடவுக்கும் மணத்துக்கும் நடுவே ஆறேழு வருஷம் ஓடிவிடும்.

பழுத்த கிழங்கை அரைத்து நீராவியில் வடித்தால் வருவது எண்ணெயாக ஓடாது, மெழுகாக உறையும். அதில் பெரும்பங்கு மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு. அதனால் அதை ஐரிஸ் வெண்ணெய் என்றே சொல்கிறார்கள். ஒரு டன் காய்ந்த கிழங்குக்கு சுமார் 2 கிலோ வெண்ணெய் கிடைக்கும். அந்த வெண்ணெயிலும் ஐரோன் ஏறத்தாழ 15 சதவீதம்தான். விலை ஏன் அப்படி என்று இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பவுடர். உங்கள் மாமியார் மூக்கு சொன்னது சரி, ஆனால் யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்பதில் வரிசை வேறு. ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பொய்முடிக்கும் தலைமுடிக்கும் முகத்துக்கும் ஸ்டார்ச் மாவு போட்டார்கள். மாவுக்கு மணம் கொடுக்க ஐரிஸ் கிழங்குப் பொடியைக் கலந்தார்கள். பல்பொடியிலும் அது இருந்தது, துணிப்பெட்டிக்குள் வைக்கும் சின்னப் பைகளிலும் இருந்தது. மேலுக்குப் போடுகிற மாவு என்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பதிந்துபோனது. பின்னால் டப்பாவில் பவுடர் செய்தவர்கள் அந்தப் பழைய மணத்தைத்தான் மலிவான சரக்கு வைத்துத் திரும்பக் கட்டினார்கள். கிழங்கு முன்னால் வந்தது, டப்பா பின்னால் வந்தது.

கல்லணை, பூதலூர்

வரலாறு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி நிற்கிறது. இன்றைக்குச் சாதாரண பவுடர் டப்பா அந்த வாசனையைக் கொடுத்துவிடுகிறது என்றால், பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பாட்டில் எதற்கு? என் தம்பி மனைவி வைத்திருந்த ஒரு ‘ஐரிஸ்’ சென்ட்டை நான் போட்டுப் பார்த்தேன். அதில் பவுடரைத் தவிர வேறு எதுவும் இல்லை. கிழங்கு, ஆறு வருஷம் என்பதெல்லாம் பாட்டிலுக்குள் உண்மையில் போகிறதா, அட்டையில் மட்டும் எழுதுகிறார்களா?

வேதியியல் வாத்தியார், கும்பகோணம்

கல்லணை கேட்டது அடிப்படையான கேள்வி. பொறுமையாகவே எழுதுகிறேன்.

டால்க் என்பது கல்மாவு, மெக்னீசியம் சிலிக்கேட். அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படியான வாசனை கிடையாது. டப்பாவைத் திறந்தால் வருவது அதில் சேர்த்த மணப்பொருட்கள்: மெத்தில் ஐயோனோன், ஹெலியோட்ரோபின், வனிலின், கூமரின், செயற்கைக் கஸ்தூரி வகைகள். இந்தக் கூட்டணியைத்தான் நாம் பவுடர் வாசனை என்கிறோம். இதில் ஐயோனோன் வந்த கதையைக் கேளுங்கள்.

1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டீமான், பவுல் க்ரூகர் என்ற இருவர் வயலட் பூவின் மணத்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார்கள். வயலட் பூ எண்ணெய் கட்டுப்படியாகாத விலை. அதே சாயலில் மணக்கிற ஐரிஸ் கிழங்கு அதைவிட மலிவு. அதனால் கிழங்கை எடுத்து அதிலிருந்து ஐரோனைப் பிரித்து, அதன் அமைப்பு இதுவாக இருக்கும் என்று ஊகித்து, அதைக் கட்டப் பார்த்தார்கள். எலுமிச்சை மணம் கொண்ட சிட்ரால் என்ற பொருளையும் அசிட்டோனையும் சேர்த்து, வந்ததை அமிலத்தோடு வினைபுரிய வைத்தார்கள். கிடைத்தது ஐரோன் இல்லை, ஆனால் வயலட் போலவே மணந்தது. அதுதான் ஐயோனோன். அதற்கு வேண்டிய சிட்ரால் எதில் நிறைய உண்டு? எலுமிச்சம்புல் எண்ணெயில். கேரளத்தில் வடித்து கொச்சி வழியாகக் கப்பலேறிய அந்த எண்ணெய்தான் ஐயோனோன் தொழிலுக்கு நெடுங்காலம் மூலச்சரக்கு. பாரிசிலிருந்து வரும் பாட்டிலில் நம் பக்கத்து மலைச்சரிவுப் புல்லுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. (வனிலினை முதலில் செயற்கையாகச் செய்ததும் இதே டீமான்தான், ஹார்மான் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, 1874இல். பவுடர் வாசனையின் இரண்டு தூண்களை நட்ட மனிதர் ஒருவரே என்பது எனக்கு எப்போதும் வியப்பு.)

ஐயோனோன் மூலக்கூறில் 13 கார்பன் அணுக்கள், ஐரோனில் 14. வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் தொகுதி. ஐரோனின் சரியான அமைப்பை ரூசிக்கா என்ற வேதியியலாளரின் குழுவினர் உறுதி செய்தது 1947இல்தான். அந்த ஒரு மெத்தில் மூக்குக்குப் பெரிய விஷயம். ஐயோனோன் பூவையும் பழத்தையும் காட்டும். ஐரோன் மரத்தையும் வேரையும் குளிர்ச்சியையும் கொண்டுவரும். கல்லணை போட்டுப் பார்த்ததில் பவுடர் மட்டும் தெரிந்தது என்றால் அதில் மெத்தில் ஐயோனோனும் கஸ்தூரியும் முன்னால் நின்றிருக்க வேண்டும். அப்படிச் செய்வது ஏமாற்று ஆகாது, ஆனால் அது ஐரிஸின் ஒரு பாதி. மெத்தில் ஐயோனோன் வகையில் ஒன்றின் பெயர் வெளிநாட்டு சோப்பு, க்ரீம் அட்டைகளில் அடிக்கடி வரும்: ஆல்ஃபா ஐசோமெத்தில் ஐயோனோன். நாம் தினமும் பூசிக்கொண்டிருக்கிறோம்.

கேரட் வாசனை சகோதரியின் கற்பனை இல்லை. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் உடைந்தால் பீட்டா ஐயோனோன் கிடைக்கும். ஐயோனோன் ஐரோனுக்குப் பங்காளி. ஐரிஸ் கலவை கட்டுகிறவர்கள் கேரட் விதை எண்ணெயைத் தொட்டுக்கொள்வதும் உண்டு.

காசு செலவில்லாமல் ஐயோனோனை முகர வேண்டுமா? சாயங்காலம் மருதாணி வேலிப் பக்கம் போங்கள். மருதாணிப்பூவின் எண்ணெயில் ஐயோனோன்கள் முக்கியமானவை. செண்பகத்திலும் உண்டு.

வேலியோரம், வேதாரண்யம்

மருதாணிப்பூவைச் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை சார். எங்கள் கொல்லையில் வேலியே மருதாணிதான். பூத்திருக்கிற நாளில் பக்கத்தில் போய் முகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மணம் காணாமல் போகிறது, நாலடி தள்ளி நின்றால் திரும்ப வருகிறது. அம்மா இந்தப் பூவை உலர்த்தித் தலையணைக்குள் வைப்பார்கள். அதிலும் ஒரு மாவு வாசனை உண்டு, இப்போது யோசித்தால் புரிகிறது. மணம் வந்து வந்து போவது என் மூக்கின் கோளாறா, பூவின் குணமா?

வேதியியல் வாத்தியார், கும்பகோணம்

ஐயோனோனின் குணம் அம்மா. மூக்குக்குள் அதை உணரும் ஏற்பிகள் சீக்கிரம் களைத்துப்போகும், கொஞ்சம் விட்டால் திரும்ப உணரும். வயலட் மணம் இப்படி மறைந்து மறைந்து தோன்றும் என்று பழைய காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள்.

மணல்மேடு டாக்டர்

காரைக்கால் சகோதரியின் வீட்டுக்காரர் விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பீட்டா ஐயோனோனை முகர்வதற்கு ஓஆர்5ஏ1 என்ற ஏற்பியின் மரபணு முக்கியம். 2013இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு வகை மரபணு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இருந்தாலே பூ மணமாகத் தெரியும். இன்னொரு வகை உள்ளவர்களுக்கு நிறைய இருந்தாலும் லேசில் தெரியாது, தெரிந்தாலும் புளித்த வாடையாகத் தெரியும். ஆகையால் அவர் அக்கறையில்லாமல் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். ஐரிஸ் சென்ட்டைப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் வாங்கிக்கொள்கிறவரை ஒரு முறை முகரச் சொல்வது நல்லது.

மன்னார்குடி மதில், இப்போது சென்னை

நான் ஐரிஸ் பைத்தியம். சின்னச் சாம்பிளாகவே வாங்கி வாங்கிப் போடுகிறவள். பவுடர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே, அதற்குள் எத்தனை வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல ஆசை.

மண் பக்கம் நிற்கிறவற்றில் செர்ஜ் லுட்டன்ஸின் ‘ஐரிஸ் சில்வர் மிஸ்ட்’ முதலாவது. 1994இல் மோரிஸ் ரூசெல் செய்தது. போட்ட முதல் அரை மணி நேரம் அது சென்ட்டே இல்லை. இப்போதுதான் தோண்டிய கிழங்கு, ஒட்டியிருக்கிற ஈர மண், மண்வெட்டி இரும்பின் குளிர்ச்சி. பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிக்கலாம். பவுடர் பிறகுதான் மெல்லப் படிகிறது. அது படியும்போது இந்த மாவு மண்ணிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெளிவுக்காகவே எனக்கு அதன்மேல் அவ்வளவு மதிப்பு.

ஷனெல் ‘நம்பர் 19’ ஆன்ரி ரொபேர் செய்தது. அதில் கால்பனம் என்ற பிசினின் பச்சை வாசனை முன்னால் நிற்கும், உடைத்த காம்பின் கசப்பு மாதிரி. அதற்குப் பின்னால் ஐரிஸ் வறண்டு, நிமிர்ந்து நிற்கும். பவுடர் இருக்கிறது, ஆனால் கொஞ்சுகிற பவுடர் இல்லை. நேர்காணலுக்குப் போகிற அன்று நான் போடுவது இதைத்தான்.

எர்மெஸின் ‘ஈரிஸ்’, 1999, ஒலிவியா ஜாக்கொபெத்தி. எளிமையானது, கேரட்டும் உலர்ந்த மாவும். காரைக்கால் அக்கா கையில் இருக்கும் இன்ஃப்யூஷன் 2007இல் டேனியலா ஆந்திரியே செய்தது. ஐரிஸைச் சுத்தமான துணி மாதிரி ஆக்கியது, மண்ணைக் கழுவி ஓரமாக வைத்திருக்கிறது. தினசரிக்கு இதைவிட நல்லது குறைவு.

பவுடர் பக்கம் வந்தால் ஃப்ரெடெரிக் மாலின் ‘ஐரிஸ் பூத்ர்’, 2000, பியேர் பூர்தோன். ஆல்டிஹைடும் கஸ்தூரியும் நிறைய, சோப்பு நுரையும் மேக்கப் மேசையும் நினைவுக்கு வரும். பெயரில் ஐரிஸ் இருந்தாலும் அங்கே ஐரிஸ் துணைதான். ‘டியோர் ஓம்’ 2005, ஒலிவியே போல்ஜ். ஆண்களுக்கென்று வந்தது. அந்த 2005 கலவையில் ஐரிஸோடு கோகோவும் தோலும் சேர்ந்து லிப்ஸ்டிக் வாசனை வரும். லிப்ஸ்டிக்குக்கு ரொம்ப காலமாக வயலட், ரோஜா மணம் போட்டு வந்ததால் அந்த நினைவு தானாக எழுகிறது. ஆம்பளை போட்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குகிற அண்ணன்மார்கள் தயங்காமல் போடுங்கள், வேட்டி சட்டைக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் கெர்லானின் ‘ஆப்ரே லோந்தே’, 1906. மழைவிட்ட நேரம் என்ற எண்ணத்தில் செய்தது. வயலட், ஐரிஸ், ஹெலியோட்ரோப். பவுடர் அங்கே ஈரமாக இருக்கும். வறட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

என் அளவுகோல் ஒன்றுதான். மூன்று மணி நேரம் கழித்து, பவுடருக்கு அடியில் மண் இன்னும் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல ஐரிஸ்.

கல்லணை, பூதலூர்

இந்த அளவுகோலை ஏற்க முடியவில்லை. மண் தெரிய வேண்டும் என்று சொல்வது ஒருவகை ருசி. என் அம்மாவுக்கு இனிப்பான பவுடர்தான் பிடிக்கும். குளித்து, பவுடர் போட்டு, வாசலில் உட்கார்ந்து பூக்கட்டும்போது வருகிற வாசனை அது. அதில் ஹெலியோட்ரோபினும் வனிலினும் இருப்பதால் அது தரம் குறைந்தது ஆகிவிடாது. பணத்தைப் பற்றித்தான் என் வாதம்: மண் வேண்டுமென்றால் கிழங்குக்குக் காசு கொடுங்கள், பவுடர் மட்டும் போதுமென்றால் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

மன்னார்குடி மதில், இப்போது சென்னை

பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி அண்ணே. அம்மாவின் ருசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐரிஸ் என்று பெயர் போட்டு விற்கும்போது கிழங்கின் குணம் அதில் இருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

வேர்மணம், மயிலாடுதுறை

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. பொடித்த கிழங்கை மேலுக்குப் பூசுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நலங்கு மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயறோடு கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர். எல்லாம் மண்ணுக்கடியில் விளைந்தவை. காயவைத்து, மிஷினில் அரைத்து, சல்லடையில் சலித்த அன்றைக்கு அந்தத் துணிமூட்டையை முகர்ந்தால் வறட்சியும் மாவும் மண்ணும் ஒருசேர வரும். இனிப்பே இருக்காது. கோரையை வயலில் களை என்று பிடுங்கிப் போடுகிறோம், அதன் கிழங்கைக் கிள்ளி முகர்ந்தால் கற்பூரமும் மண்ணும் கலந்து அடிக்கும்.

ஐரிஸ் பவுடரை டால்கம் டப்பாவோடு ஒப்பிடுவதால்தான் நம் ஆட்கள் ஏமாற்றமடைகிறார்கள். நலங்கு மாவு பழகிய மூக்கோடு போய் முகர்ந்தால் உடனே பிடிபடும். குழந்தைப் பவுடர் என்று தோன்றியது வளர்ந்த மனுஷி பூசிக்கொள்ளும் மாவாகத் தெரியும். ஐரோப்பாவில் ஐரிஸ் பொடி செய்த வேலையை இங்கே கிச்சிலியும் கோரையும் செய்திருக்கின்றன. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு நாட்டுமருந்துக் கடைக்குள் போய் நின்றால் போதும், பாதி ஐரிஸ் அங்கேயே இருக்கிறது.

வேதியியல் வாத்தியார், கும்பகோணம்

வேர்மணம் தம்பி, பழக்கத்தை ஒப்பிட்டது அழகு. ஆனால் பொருளை ஒப்பிடாதீர்கள். கோரைக்கிழங்கிலும் வெட்டிவேரிலும் இருப்பவை செஸ்குவிடெர்ப்பீன் வகை, 15 கார்பன் குடும்பம். செடி அவற்றை நேராகவே செய்கிறது. ஐரோன், நீங்கள் சொன்ன ஐரிடால் என்ற பெரிய ட்ரைடெர்ப்பீன் மூலக்கூறு உடைந்து வந்த துண்டு. நாட்டுமருந்துக் கடையில் ஐரிஸின் பாதி இல்லை, ஐரிஸின் ஓரம்தான் இருக்கிறது: அந்த வறண்ட மண் ஓரம். ஐரிஸின் நடுவில் இருக்கும் வயலட் ஒளி கிச்சிலியில் வராது. அதற்கு நீங்கள் செண்பகத்தையோ மருதாணிப்பூவையோ பக்கத்தில் வைக்க வேண்டும்.

வேர்மணம், மயிலாடுதுறை

ஒளி என்று நீங்கள் சொன்னதே சரியான சொல் சார். கிழங்கின் வறட்சியும் பூவின் ஒளியும் ஒரே பொருளில் இருப்பதுதான் ஐரிஸ். நலங்கு மாவை வாசற்படியாகச் சொன்னேன், வீடு என்று சொல்லவில்லை.

அத்தர் கடை, நாகூர்

எல்லோருக்கும் வணக்கம். தர்கா பக்கம் எங்களுக்குப் பரம்பரைக் கடை. கடைப்பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன்.

‘பவுடர் மாதிரி அத்தர் இருக்கா பாய்’ என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வெள்ளைக் கஸ்தூரி. அதில் ஐரிஸ் கிடையாது, சுத்தமான, மெத்தென்ற வாசனை. அதுவே அவர்களுக்கு நிறைவு. நம் பழைய அத்தர் முறை உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊர் முறை: செம்புப் பானையில் பூவைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவது. ஐரிஸ் அந்த வரிசையில் வராது. யுனானி மருந்தில் ஐரிஸ் கிழங்கு ‘இர்ஸா’ என்ற பெயரில் உண்டு, ஹக்கீம்கள் நெஞ்சுச்சளிக்குச் சேர்ப்பார்கள். மணத்துக்காக யாரும் கேட்டதில்லை.

நம் ஊர்க் காற்றுக்கு இது எப்படி என்று சகோதரி கேட்டிருக்கிறார். கடலோரப் புழுக்கத்தில் ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி மேல்வாசனை அடித்த நிமிஷத்தில் பறந்துவிடும். ஐரிஸ் கனமான சரக்கு, தோலை ஒட்டியே நிற்கும். ஆனால் வேர்வை ஊறினால் அதன் வறட்சி கெட்டுப்போய், மாவு குழைந்த மாதிரி ஆகிவிடும். அதனால் கழுத்தில் போடாதீர்கள். முழங்கைக்கு உள்பக்கம், பின்னங்கழுத்து முடிக்குக் கீழே, இல்லையென்றால் பருத்தித் துணியில் போடுங்கள். பருத்தியில் ஐரிஸ் மறுநாள் வரைக்கும் நிற்கும். பட்டில் மட்டும் நேராக அடிக்கவே கூடாது, ஸ்பிரிட்டும் சாயமும் சேர்ந்தால் கறை விழும். திருபுவனம் பட்டு என்றால் ரவிக்கையின் பருத்தி லைனிங்கில் ஒரு தடவை அடித்து, காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

கல்யாண வீட்டில் சந்தனம் பூசுவார்கள். பூசிய கையிலேயே ஐரிஸ் அடிக்காதீர்கள். சந்தனத்தின் பால்மணம் ஐரிஸின் குளிர்ச்சியை முழுசாக மூடிவிடும். ஒரு கையில் அது, மறு கையில் இது என்று வையுங்கள். இரண்டும் தள்ளி நின்றால் ஒன்றுக்கொன்று அழகு சேர்க்கும்.

பாட்டிலை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். பீரோவுக்குள் அட்டைப்பெட்டியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது.

வேலியோரம், வேதாரண்யம்

பாய், மல்லிகைப்பூ தலையில் இருக்கும்போது ஐரிஸ் தெரியுமா?

அத்தர் கடை, நாகூர்

முகூர்த்த நேரத்தில் தெரியாதும்மா. மல்லிகைக்கு முன்னால் எதுவும் நிற்காது. தலையில் தஞ்சாவூர்க் கதம்பம் வைத்துப் பாருங்கள். மருவும் மரிக்கொழுந்தும் பச்சையாக, கொஞ்சம் கசப்பாக மணக்கும். ஐரிஸுக்கு அந்தப் பச்சை ரொம்பப் பொருத்தம். மன்னார்குடித் தங்கச்சி சொன்ன அந்தப் பிசின் வாசனை செய்கிற வேலையைக் கதம்பம் செய்துவிடும்.

மன்னார்குடி மதில், இப்போது சென்னை

பாய் சொன்ன கதம்ப யோசனையை நான் இங்கே உட்கார்ந்து கற்பனையிலேயே முகர்ந்துவிட்டேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கதம்பத்தோடு நம்பர் 19 போட்டுப் பார்க்கப் போகிறேன். பருவம் பற்றி ஒன்று: டெல்டாவில் ஐரிஸுக்கு மார்கழி, தை விடியற்காலை மாதிரி நேரமே கிடையாது. பனி இறங்கி, காற்று குளிர்ந்து, வயலில் சம்பாக் கதிர் பழுத்திருக்கும் நேரம். சித்திரை வெயிலில் தட்டையாகத் தெரிந்த அதே சென்ட் அப்போது அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது. மண் ஒரு அடுக்கு, மாவு ஒரு அடுக்கு, அதற்குமேல் அந்த வயலட். தை முகூர்த்தம் விடியற்காலையில் இருந்தால் அக்காவுக்கு அதிர்ஷ்டம்.

அரசலாறு, காரைக்கால்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. பாய் சொன்னபடி லைனிங்கில் அடித்து, தலைக்குக் கதம்பம் சொல்லிவைக்கப் போகிறேன். மாமியாரிடம் கிழங்கு, விக்கு மாவு கதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய் நலங்கு மாவு டப்பாவை எடுத்து வந்து என் மணிக்கட்டையும் அதையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார். “இதுல மஞ்ச இருக்கு, அதுல இல்ல. மத்தபடி சொந்தந்தான்” என்றார். வாத்தியார் சார் சொன்ன வயலட் ஒளி அவருக்குப் பிடிபடுகிறதா என்று அடுத்து மருதாணி பூக்கும்போது கேட்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு மருதாணிப்பூ மணமும் அவ்வளவாகத் தெரிந்ததில்லை. டாக்டர் சொன்னது அவர் விஷயத்தில் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். அவருக்கு வெட்டிவேர் நன்றாகத் தெரிகிறது, அதனால் கல்யாணத்துக்கு அவருக்கு வெட்டிவேர் அத்தர் என்று முடிவாகிவிட்டது. பாய், கடை வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

அத்தர் கடை, நாகூர்

ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு மேல் வாங்க. வெட்டிவேர் இரண்டு தினுசு இருக்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முகர்ந்து பார்த்து எடுக்கட்டும்.